நான் கொண்டுவந்த வெளிச்சம்

1967 ஏப்ரல் 19, புதன்

காலையில் உறைபனி. மதியத்துக்குள் முற்றமெல்லாம் சேறு. மரங்களின் வடக்கு நிழலில் இன்னும் பனி கிடக்கிறது. விதைக்க இன்னும் நாளாகும்.

மார்க்கியன் விதைப்பு மெஷினை முழுதாகக் கழற்றிக் கொட்டகைத் தரையில் பரப்பிவிட்டான். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது கையில் ஒரு பல்சக்கரம் மிச்சம். "கம்பெனிக்காரன் தாராளமா ஒண்ணு கூடுதலா வச்சிருக்கான்ப்பா" என்கிறான். லெஸ்யா சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. போன இலையுதிர் காலத்தில் கல்யாணமாகி வந்த மருமகள். அவள் வந்தபிறகு இந்த வீட்டில் சத்தம் கூடியிருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

இரவு உணவுக்குப்பின் ஊர்க்கூடத்தில் கூட்டம். பனிச்சறுக்குத் திடலுக்குக் கூரை போடுவது பற்றி. வேண்டாம் வேண்டாம் என்றேன், மறுபடி என்னையே தலைவராக்கிவிட்டார்கள். பக்கத்துப் பண்ணை புரோகிப் எழுந்து, "ரோடு போட்டது நெஸ்டோர், கரண்டு கொண்டுவந்தது நெஸ்டோர், பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு வாங்கினது நெஸ்டோர். இவன் செத்தாக்கூட சவப்பெட்டிக் கமிட்டிக்கு இவன்தான்யா தலைவர்" என்றான். கூடமே அதிர்ந்தது. என் மனைவி யெவ்கா மட்டும் சிரிக்கவில்லை. வழியில் சொன்னாள்: "ஊருக்குச் செஞ்சது போதும். வீட்டுக் கூரை ஒழுகுது."

ஒழுகத்தான் செய்கிறது.

கரண்டு கொண்டுவந்தது உண்மைதான். 1952 குளிர்காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். இந்த வெர்பா வட்டாரத்தில் நான் படியேறாத வீடு இல்லை. விளக்கு எரிந்த முதல்நாள் யெவ்கா பித்தானைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, சின்னப்பிள்ளை மாதிரி நின்றாள்.

1967 ஜூன் 11

கோயிலிலிருந்து திரும்பும்போது மார்க்கியன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். டயரில் காற்று இல்லையோ என்று இறங்கப் போனேன். "இறங்காதப்பா. ஒரு சேதி" என்றான். காது சிவந்துவிட்டது அவனுக்கு. எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த யெவ்கா லெஸ்யாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அதற்குமேல் கொடுப்பினை இல்லை. இந்த வீட்டில் இனி ஓட்டமும் ஆட்டமும் இருக்கும்.

ஜனவரியில் என்கிறார்கள்.

1967 ஆகஸ்ட் 30

அறுவடை தொடங்கியது. கதிர் கனம். காற்று இல்லை. கடவுளுக்கு நன்றி.

1967 செப்டம்பர் 14

மார்க்கியன் போய்விட்டான்.

1967 செப்டம்பர் 17

இன்று அடக்கம் முடிந்தது. எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நான் நம்பமாட்டேன்.

வியாழக்கிழமை நான் வடக்கு வயலில் அறுவடை மெஷினில் இருந்தேன். மார்க்கியன் லாரியில் கோதுமையைக் கொண்டுபோய் முற்றத்துக் களஞ்சியத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு களஞ்சியம் நிறைந்ததும், தானியம் ஏற்றும் நீள இரும்புக் குழாயை அடுத்ததற்குத் தள்ளியிருக்கிறான். இறக்காமல், குழாய் நிமிர்ந்து நின்றபடியே. எல்லாரும் அப்படித்தான் தள்ளுவோம். நானும் அப்படித்தான் தள்ளுவேன். மேலே கரண்டுக் கம்பி.

லெஸ்யா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள். ஓடியிருக்கிறாள். யெவ்கா உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையிடம் ஓடவில்லை. மருமகளைப் பின்னாலிருந்து பாய்ந்து பிடித்து, தரையில் தள்ளி, வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "தொடாதடி! தொட்டா நீயும் போயிடுவே! தொடாதே!" என்று கத்தினாளாம். லெஸ்யா அவள் கையைக் கடித்திருக்கிறாள். யெவ்கா விடவில்லை.

சத்தம் கேட்டு முதலில் வந்தது புரோகிப்தான். டவுனுக்கு ஃபோன் பண்ணிவிட்டு என்னைக் கூப்பிட வந்தான். புழுதிக்குள் தொப்பியை ஆட்டிக்கொண்டு வந்தான். வயலில் தீ என்று நினைத்தேன்.

நான் வந்தபோதும் அவர்கள் இரண்டு பேரும் தரையில்தான். கம்பியில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கிட்டே போகக்கூடாது. கண்ணெதிரே பிள்ளை கிடக்கிறான், வெயில் அவன் முதுகில் அடிக்கிறது, தாயும் தகப்பனும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். லைன்மேன் வரும்வரை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் சொல்லவும் வேண்டாம்.

லைன்மேன் சின்ன வயதுக்காரன். கடல் தாண்டி வந்த எங்கள் ஆட்களின் மொழி தெரியாதவன். கம்பத்தில் ஏறிக் கம்பியை அறுத்துவிட்டான். இறங்கி வந்து, அவனே முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்களோடு சேர்ந்து தூக்கினான். போகும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். எனக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் கம்பியைக் கொண்டுவந்தது நான்.

1967 செப்டம்பர் 19

விடிந்ததும் சத்தம். ஜன்னலில் பார்த்தால் ரோடு முழுக்க அறுவடை மெஷின்கள் வரிசையாக வருகின்றன. புரோகிப், வின்டோனியாக் சகோதரர்கள், ஏரிப்பக்கத்து நோர்வேக்காரர்கள், பேச்சுவார்த்தை நின்றுபோன செமன்கூட. தங்கள் வயலை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதே மாதிரி எத்தனை பேர் வயலுக்கு நான் ஆள் திரட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! அப்போதெல்லாம் அந்த வீட்டுக்காரன் சமையலறையில் உட்கார்ந்து என்ன நினைப்பான் என்று யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. மெஷின் சத்தம் தூரமாகப் போகும், கிட்டே வரும். ஒவ்வொரு லாரி முற்றத்துக்குள் திரும்பும்போதும் அவன்தான் என்று தலை நிமிர்கிறது.

பெண்கள் சமைத்தார்கள். முட்டைக்கோசில் சோறு பொதிந்து பெரிய பெரிய தட்டுகளில். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, பசித்தது.

சூரியன் சாயும்போது வயல் மொட்டையாகக் கிடந்தது. நன்றி சொல்ல வாசலுக்கு வந்தேன். புரோகிப் என் தோளைத் தட்டி, "உள்ளே போடா. குளிருது" என்றான்.

1967 அக்டோபர் 24

நேற்று நாற்பதாம் நாள் பூசை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். யெவ்கா எழுந்து வந்து அணைத்தாள். பரணிலிருந்து பழைய மண்ணெண்ணெய் விளக்கை இறக்கித் திரியை வெட்டிக் கொளுத்தினாள்.

"என்ன யெவ்கா இது?"

"அது இந்த வீட்டுல எரியக்கூடாது."

"லெஸ்யாவுக்குக் கண்ணு தெரிய வேண்டாமா..."

"நீ கொண்டுவந்த வெளிச்சம் நெஸ்டோர். நீயே வச்சுக்கோ."

ஒரே வரி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

1968 ஜனவரி 6

எங்கள் பழைய நாட்காட்டிப்படி நாளைக்குக் கிறிஸ்துமஸ்; இன்று அதற்கு முந்தின நாள் விருந்து. வழக்கப்படி செத்தவர்களுக்கு ஒரு தட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் என் அப்பாவை நினைத்து வைப்பது. யெவ்கா தட்டை எடுத்தாள், எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். லெஸ்யா மெதுவாக வாங்கித் தன் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். அவன் இடம். தேன் ஊற்றிய கோதுமையை முதலில் அந்தத் தட்டில்தான் போட்டாள்.

எங்கள் வயல் கோதுமை. அவன் களஞ்சியத்தில் ஏற்றியது.

1968 ஜனவரி 23

பெண் குழந்தை. ஒரீசியா என்று பெயர். ஆஸ்பத்திரிக்குப் போகையில் பனிப்புயலில் ரோடு தெரியவில்லை. புரோகிப் டிராக்டரால் பனியைத் தள்ளிக்கொண்டே முன்னால் போக, நான் பின்னால் ஓட்டினேன். யெவ்கா குழந்தையின் துணியைப் பிரித்துப் பார்த்தாள். காது. அவன் காது. மறுபடி துணியைச் சுற்றினாள்.

1968 மார்ச் 12

நகரத்துக்குப் போய்க் கரண்டு ஆபீஸில் ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்தேன். களஞ்சியம் இருக்கிற முற்றங்களில் கம்பியை உயர்த்துங்கள், இல்லை வேறு பக்கம் திருப்புங்கள் என்றேன். மரியாதையாகத்தான் பேசினார். "உயரம் விதிப்படி சரியா இருக்கு, மிஸ்டர் ஹராசிம்" என்றார்.

"விதி போட்டப்ப இவ்வளவு நீளக் குழாய் கிடையாது சார்."

"வருத்தமான விஷயம்தான். ஒரு வீட்டுக்காக மாத்த முடியாதே."

சரி, ஒரு வீட்டுக்காக வேண்டாம். நாளை முதல் மறுபடி வீடு வீடாகப் போகிறேன். யெவ்காவிடம் சொன்னேன். ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, "அலை. நல்லா அலை. போனவன் வந்துடுவான்" என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? சும்மா உட்கார்ந்தால் செத்துப்போவேன் யெவ்கா.

1969 ஆகஸ்ட் 4

அனுமதி வந்துவிட்டது. வட்டாரம் முழுவதும் முற்றத்துக் கம்பியை மாற்றுகிறார்கள். இன்று எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரியாக வந்தவன் அந்த லைன்மேன். இறங்கியதும் களஞ்சியத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கும் மறக்கவில்லை. பெயர் ஹால்வோர். ஏரிக்கு அப்பால் நோர்வேக்காரர் குடும்பம்.

மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டான். லெஸ்யா தட்டை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாள். வாகனத்தின் நிழலில் நின்றே சாப்பிட்டான். ஒரீசியா தத்தித் தத்திப் போய் அவன் கருவிப் பையைக் கவிழ்த்துவிட்டாள். அவன் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்து, அவளையே பையில் போடவைத்தான்.

1970 பிப்ரவரி 9

குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. நெஞ்சுக்குள் நாய் குரைக்கிற மாதிரி இருமல். ரோடு பனியில் மூடிக்கிடக்கிறது, டாக்டர் வரமுடியாது. ஃபோனில் அவர் சொல்லச் சொல்ல லெஸ்யா கெட்டிலை வைத்து ஆவி பிடிக்கச் செய்தாள். உதட்டின் நிறம் பார்த்துச் சொல்லச் சொன்னார். நீலமா, சிவப்பா? மண்ணெண்ணெய் விளக்கில் எல்லாமே மஞ்சள்.

யெவ்காதான் எழுந்தாள். போய்ப் பித்தானைப் போட்டாள். வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எவ்வளவு வயதாகிவிட்டது எங்களுக்கு!

"சிவப்புதான். சிவப்பா இருக்குன்னு சொல்லுடி" என்றாள் யெவ்கா.

அதற்குப்பின் அணைக்கவில்லை.

1971 செப்டம்பர் 26

ஹால்வோர் ஞாயிறுகளில் வருகிறான். முதலில் கம்பம் பார்க்க என்று வந்தான். பிறகு டிராக்டர் பார்க்க. இப்போது காரணம் சொல்வதில்லை. யெவ்கா அவன் வந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவாள். ஒரீசியா அவனுக்கு எங்கள் பேச்சு சொல்லிக்கொடுக்கிறாள். இன்று கோழியைக் காட்டி "மாமியார்" என்றான். லெஸ்யா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

1972 மே 7

விதைப்பு நடக்கிறது. லெஸ்யா டிராக்டரை நிறுத்திவிட்டு வயல் நடுவில் என்னிடம் நடந்து வந்தாள். இந்த ஐந்து வருஷமாக அவள்தான் எனக்குப் பிள்ளை, கூலியாள், மெக்கானிக் எல்லாம். நிலத்தை அவள் பெயருக்கு எழுதிவைக்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

"அப்பா, ஹால்வோர் கேட்டாரு" என்றாள். கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். "நீங்க வேண்டாம்னா வேண்டாம். இங்கயே இருந்துடறேன். சத்தியமா."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் சத்தியத்தைக் காப்பாற்றுவாள், அதுவும் தெரியும். இங்கேயே இருந்து, என்னைப் புதைத்து, யெவ்காவைப் புதைத்து, இந்த வயலில் நரைத்துப்போவாள்.

"உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப சரி. மீதி வயலை முடி. மழை வர்ற மாதிரி இருக்கு."

மழை வருகிற மாதிரி எல்லாம் இல்லை.

1972 மே 8

யெவ்காவிடம் சொன்னேன். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதையே துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பேசினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை.

"என் பிள்ளை அங்க கிடந்தான். உசுரு இருந்துச்சோ என்னவோ. கை ஆடின மாதிரி இருந்துச்சு எனக்கு. நான் போகல. அவளைப் பிடிச்சுக்கிட்டேன். என் பிள்ளையை விட்டுட்டு அவளைப் பிடிச்சேன் நெஸ்டோர். இப்ப அவ போறா. போயும் போயும் அவனோட. என் பிள்ளையைக் கம்பியிலேருந்து எடுத்த அந்தக் கையோட."

"யெவ்கா, அவன் கை ஆடல. நான் பார்த்தேன். ஆடவே இல்ல."

"நீ வர்றதுக்கு முன்னாடி."



1972 அக்டோபர் 14

கல்யாணம். லெஸ்யாவின் தகப்பனார் இறந்து வெகுகாலம். பீடம் வரை கைபிடித்து அழைத்துப்போக நான் வரவேண்டும் என்று கேட்டிருந்தாள். கோயில் வாசலில் அவள் கை என் கைக்குள்.

ஊர் முழுக்க வந்திருந்தது. பாதித் தலைகள் எங்களைப் பார்க்கவில்லை, பின்னால் வாசலைப் பார்த்தன, யெவ்கா வருகிறாளா என்று. வரவில்லை. செமன் பெண்டாட்டி எனக்குக் கேட்கிற மாதிரியே, "பெத்த பிள்ளையோட பெண்டாட்டியை இவரே கட்டிக்கொடுக்கறாரு பாரேன்" என்றாள். புரோகிப் அவள் பக்கம் திரும்பி, "ஆமா, கட்டிக்கொடுக்கறான். உனக்கு முடியுமா? வாயை மூடு" என்றான். கோயிலுக்குள் அவ்வளவு சத்தமாகப் பேசியதற்குப் பாதிரியார் முறைத்தார்.

நடக்கும்போது கல்லறைப் பக்கத்து ஜன்னலைத் தாண்ட வேண்டும். தாண்டினேன். மார்க்கியன், கோபிக்காதே. அவள் உன்னை மறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஹால்வோரிடம் அவள் கையைக் கொடுத்தேன். "பத்திரம்" என்றேன். அந்த வார்த்தை அவனுக்குத் தெரிந்திருந்தது.

1972 அக்டோபர் 29

போய்விட்டார்கள். வடக்கே, ஒருநாள் பயண தூரத்தில் அவனுக்கு வேலை. யெவ்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரீசியா கதவைத் தட்டி, "பாட்டி, கதவைத் திற, முத்தம் குடுக்கணும்" என்றாள். கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டது. குழந்தை திரும்பி வரும்வரை லெஸ்யா கூடத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

கிளம்பும்போது லெஸ்யா மூடிய கதவைப் பார்த்து, "அம்மா, அன்னைக்கு நான் உங்க கையைக் கடிச்சேன். இன்னும் தழும்பு இருக்கில்ல" என்றாள். கதவு திறக்கவில்லை. காரில் ஏறினாள்.

1972 அக்டோபர் 30

இனிச் சமையலுக்கு முட்டை ஒன்றிரண்டு போதும் என்று ஆகிவிட்டது. காலையில் யெவ்கா பழக்கத்தில் நாலு தட்டு வைத்தாள்.

1975 ஜூலை 2

ஒரீசியா பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ஹால்வோர்தான் கொண்டுவந்து விடுகிறான். பண்ணை வாசல் கதவுக்கு வெளியே, ரோட்டிலேயே காரை நிறுத்துவான். உள்ளே வரமாட்டான். யெவ்கா வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவனாகவே. நான் நடந்துபோய்ப் பெட்டியை வாங்கிக்கொள்வேன். "லெஸ்யா நல்லா இருக்காப்பா" என்பான். "மழை எப்படி?" என்பான். அவ்வளவுதான். அப்பா என்று எப்போதிருந்து கூப்பிடுகிறான்? கவனிக்கவில்லை.

புழுதி அடங்கும்வரை யெவ்கா ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள்.

1980 நவம்பர் 3

சில வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்காக நான் ஓட்டிவந்த பள்ளிக்கூட வண்டியை விட்டுவிட்டேன். கண் மங்கல். பிள்ளைகள் ஒரு கேக் செய்து கொடுத்தார்கள். சின்னவன் ஒருவன், "நாளைக்கு யார் எங்களைத் திட்டுவாங்க?" என்று கேட்டான்.

1984 நவம்பர் 16

யெவ்கா கோழிக்கூட்டில் விழுந்துகிடந்தாள். பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரி. டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. லெஸ்யாவுக்கு ஃபோன் செய்தேன். "புறப்பட்டுட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

1984 நவம்பர் 18

இதை எப்படி எழுதுவது? எழுதிவிடுகிறேன்.

மதியம் வந்தார்கள். லெஸ்யா கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யெவ்காவுக்கு அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை. ஹால்வோர் அறைக்குள் வரவில்லை. கதவு நிலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அன்று முற்றத்தில் நின்ற மாதிரியே.

யெவ்கா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கோணிய வாயால், தெளிவாகவே சொன்னாள்: "மார்க்கியன்."



"மார்க்கியன். வாடா. ஏன் அங்கயே நிக்கறே?"

ஹால்வோர் என்னைப் பார்த்தான். நான் என்ன சாடை காட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் வந்து கட்டில் பக்கத்தில் மண்டியிட்டான். அவளுடைய நல்ல கை அவன் தலையைத் தடவியது.

"அன்னைக்கு என்னால வரமுடியலடா. பார்த்துக்கிட்டே இருந்தேன். அவ வயித்துல பிள்ளை இருந்துச்சு. அவளைப் பிடிச்சிருந்தேன். நீ கூப்பிட்டியா? கூப்பிட்டியாடா?"

லெஸ்யா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஹால்வோர் எங்கள் பேச்சில் பதில் சொன்னான். அவன் நாக்கு இன்னும் அதற்குப் பழகவில்லை, உச்சரிப்பு கட்டைதான். ஆனாலும் சொன்னான். "கூப்பிடலம்மா. எனக்கு ஒண்ணும் வலிக்கல. உடனே தூங்கிட்டேன். நீ பிடிச்சியே, அதுதான் சரி. அவ நல்லா இருக்கா. பாப்பா நல்லா இருக்கு."

அவனுக்குத் தெரியும். அன்று மார்க்கியனைத் தொட்ட முதல் ஆள் அவன்தானே. அவன் சொன்னால் அவள் நம்பலாம்.

"அப்படியா" என்றாள் யெவ்கா. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கையை விடவில்லை. இருட்டும்வரை அவன் அப்படியே மண்டியிட்டு இருந்தான். நர்ஸ் நாற்காலி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

1984 நவம்பர் 20

யெவ்கா விடியலில் போனாள்.

1984 நவம்பர் 23

மண் இறுகிக் கிடந்தது. வைக்கோலைக் குவித்துக் கொளுத்திச் சூடேற்றிய பிறகுதான் மண்வெட்டி இறங்கியது. ஹால்வோரும் புரோகிப்பும் தோண்டினார்கள். புரோகிப்புக்கு எழுபது தாண்டிவிட்டது. போதும், ஏறி வா என்றால் கேட்கவில்லை. யெவ்காவுக்கு மார்க்கியனின் இடது பக்கத்தில் இடம்.

எல்லாரும் போனபின் லெஸ்யா மட்டும் நின்றாள். உறைந்த மண்ணைக் கையால் அள்ளிப் போட்டாள். "அம்மா, நீங்க பிடிச்சதுனாலதான் நான் இருக்கேன். பதினேழு வருஷமா இதை உங்ககிட்ட சொல்ல விடலையே நீங்க" என்றாள்.

வாழ்ந்த வீட்டுக்கு நான் மட்டும் திரும்பினேன். அடுப்பு அணைந்திருந்தது.

1985 மே 10

விதைத்தேன். கடைசித் தடவை என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

1986 ஏப்ரல் 5

மெஷின்களை ஏலத்தில் விட்டேன். நிலத்தைப் புரோகிப்பின் மகன் எடுத்துக்கொண்டான். நல்ல உழைப்பாளி, சீக்கிரம் எழுகிறவன். விதைப்பு மெஷினை யாரோ தெற்கத்திக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். அவன் லாரி வளைவில் மறையும்வரை நின்றேன். மார்க்கியன் கை பட்டது அதில் ஒவ்வொரு ஆணியும்.

ஒரீசியா கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். என் கையைக் கோத்துக்கொண்டு, "தாத்தா, அழணும்னா அழு. யாரும் பார்க்கல" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1990 பிப்ரவரி 17

புரோகிப்பும் போய்விட்டான். அடக்கத்துக்கு ஏற்பாடெல்லாம் நான்தான் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது அவன் சொன்ன சவப்பெட்டிக் கமிட்டி நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை.

1992 அக்டோபர் 1

வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். லெஸ்யா தன் வீட்டுக்கு வரச்சொன்னாள். அழுதுகூடப் பார்த்தாள். வேண்டாம், நடக்கமுடியாதவனைத் தூக்கி இறக்க உனக்கும் வயதாகிறதம்மா என்றேன். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இந்த முதியோர் இல்லம். ஜன்னல் வழியாக ஒரு பள்ளிக்கூடம் தெரிகிறது. வயல் தெரியவில்லை. எந்தப் பக்கம் மேற்கு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

1993 மே 23, ஞாயிறு

இரவெல்லாம் மழை. சீரான மழை, விதைத்த மண்ணுக்கு ஏற்றது. யாருடைய வயலில் பெய்கிறதோ, நன்றாக இருக்கட்டும்.

ஹால்வோர் வந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தினமும் வருகிறான். எங்களுக்குள் பெரிதாகப் பேச்சு ஒன்றுமில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுப்பான். சுளையின் நாரைக்கூட எடுத்துவிடுவான். இன்று என் நகத்தை வெட்டிவிட்டான். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன கை.

புது நர்ஸ் ஒருத்தி மருந்து கொண்டுவந்தாள். "நல்லா பார்த்துக்கறாரே. உங்க மகனா?" என்று கேட்டாள். ஹால்வோர் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"ஆமாம்மா. என் மகன்" என்றேன்.

அவன் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு திரும்பி என்னை உற்றுப் பார்த்தான், அன்று ஆஸ்பத்திரியில் யெவ்காவைப் பார்த்த அதே பார்வை. பாவம், பயந்துவிட்டான்.

எனக்கு நினைவு தப்பவில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.